பையில் எப்போதும் ஒரு பழைய நைட்டி... ஆசிட் கற்றுக்கொடுத்த பாடம்!

காலை ஆறரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பும் அந்த 43 வயதுப் பெண்ணின் தோள்பையில் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், செல்போன் சார்ஜர் இவற்றோடு, மடித்துவைத்த ஒரு பழைய நைட்டியும் இருக்கும். கூட வேலை செய்யும் பெண்கள் ஆரம்பத்தில் கிண்டல் செய்தார்கள். ''இன்னாக்கா, வேலைக்கு வர்றியா, தூங்க வர்றியா?'' என்று கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே பையின் ஜிப்பை மூடிவிடுவார். காரணத்தைச் சொல்ல அவருக்கு நாலைந்து மாதங்கள் ஆயின.

சென்னை கண்ணகி நகரில் வசிப்பவர் அவர். கணவர் பெயின்டர். ஒரே மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அந்தப் பகுதியின் பல பெண்களைப் போல அவருக்கும் பிழைப்பு, பழைய மகாபலிபுரம் சாலையில்தான். ஐ.டி கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவர், பிறகு 'டீப் கிளீனிங்' கான்ட்ராக்டர் ஒருவரிடம் சேர்ந்தார். கட்டி முடித்த புது ஃபிளாட்டுகளை, சாவி கொடுக்கும் நாளுக்கு முன்பு கழுவித் துடைத்துப் பளபளப்பாக்கித் தரும் வேலை. தினக்கூலி. வேலைக்குப் போனால்தான் காசு.

அந்தப் புது வீடுகளில் பால் காய்ச்சுபவர்கள், தரையில் தங்கள் முகம் தெரிவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். அந்தப் பளபளப்புக்குப் பின்னால் ஒரு வெள்ளை கேன் இருப்பது பலருக்கும் தெரியாது.

புகை வந்தால் 'நல்ல ஆசிட்'!

டைல்ஸ் பதித்து முடித்த கையோடு தரை மின்னாது. சிமென்ட் பாலும் கிரவுட் கறையும் காய்ந்து திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்கும் வேலைக்குப் பெயர், 'ஆசிட் வாஷ்'. கேனில் வரும் ஆசிட்டை ஊற்றினால், சிமென்ட் கறை 'புஸ்'ஸென்று நுரைத்துக் கரையும். பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீர் விட்டு அலசிவிட்டால் தரை புதுசாகிவிடும்.

அந்த ஆசிட், பள்ளிக்கூட லேபில் பார்க்கும் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். கடைகளில் பாட்டிலில் கிடைக்கும் டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் இது சுமார் 10 சதவிகிதம் இருக்கும். ஆனால், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பது 30 சதவிகிதத்துக்கும் மேல். மூடியைத் திறந்தாலே காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் புகையும். மூக்கு எரியும், கண்ணில் தண்ணீர் வரும்.

''மூடியத் தொறந்தா புகை வரணும். அதுதான் நல்ல ஆசிட்டுனு சொல்லுவாங்க. புகை வரலைனா, கடைக்காரன் தண்ணி கலந்துட்டான்னு அர்த்தமாம்'' என்கிறார் அவர். எது ஆபத்தின் அடையாளமோ, அதுவே அந்த வேலையில் தரத்தின் அடையாளமாக இருந்திருக்கிறது.

ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிச் சாய்த்து ஊற்றுவது சிரமம். அதனால், குடித்துவிட்டுப் போட்ட ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆசிட்டை நிரப்பிக்கொள்வார்கள். மூடியில் ஆணியைச் சூடு பண்ணி ஓட்டை போட்டிருப்பார்கள். பாட்டிலை அமுக்கினால் ஆசிட் மெல்லிய கோடாகப் பீய்ச்சும். கறை இருக்கும் இடத்தில் மட்டும் விழும், செலவும் குறைவு. சைட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

கையுறை? முதல் மாதம் ஒரு ஜோடி கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய கையுறை. ஒரே நாளில் கிழிந்தது. அதன் பிறகு அவர் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை.

அந்தச் சித்திரை மாத மத்தியானம்

மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட். மறுநாள் சாவி கொடுக்க வேண்டும். பாத்ரூம் மூலையில் கிரவுட் கறை கெட்டியாகப் பிடித்திருந்தது. புடவைக்கு மேல் பழைய ஆம்பிளைச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு, கையில் ஆசிட் பாட்டில் என்று குந்தி உட்கார்ந்திருந்தார்.

அந்த வீட்டுக்கு இன்னும் தண்ணீர் வால்வைத் திறந்துவிடவில்லை. இரண்டாவது மாடியிலிருந்து பக்கெட்டில் சுமந்து வந்துதான் அலசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பக்கெட் காலி.

கறை போகவில்லை என்று பாட்டிலைக் கொஞ்சம் அழுத்தி அமுக்கினார். மூடி கழன்று தெறித்தது. இடது முழங்கையிலிருந்து விரல்கள் வரை ஆசிட் வழிந்தது. மீதி, மடியில் கொட்டியது. ஒரு துளி கன்னத்தில், கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே.

''முதல்ல ஜில்லுனுதான் இருந்துச்சு. தண்ணினு நினைச்சேன். அப்புறம்தான் எரிச்சல். மிளகாய்த்தூளைக் கொட்டித் தேய்ச்ச மாதிரி'' என்கிறார். குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

கூட இருந்த பெண் பக்கெட்டை எடுத்துக்கொண்டு கீழே ஓடினார். தண்ணீர் வந்து சேர ஐந்து நிமிடங்கள் ஆகியிருக்கும். கையிலும் முகத்திலும் மடமடவென்று ஊற்றினார்கள். இன்னொரு பக்கெட் வந்தது. அதையும் கையிலேயே ஊற்றினார்கள். சத்தம் கேட்டு எலெக்ட்ரீஷியன், பிளம்பர், வாட்ச்மேன் என்று ஏழெட்டு ஆண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். யாரோ ஒருவர் பேஸ்ட்டை எடுத்து வந்து கையில் தடவினார்.

தொடையில் எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் சொல்லவில்லை.

''எப்படிப்பா சொல்றது? அத்தனை ஆம்பளைங்க நிக்கிறாங்க. புடவையை அவுக்கவா முடியும்? ரெண்டு மக் தண்ணியை மேலாக்க ஊத்திக்கினு, கொசுவத்தைச் சுருட்டிப் பிடிச்சுக்கினு நின்னேன்.''

அப்படியே சூப்பர்வைசரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, ஆசிட்டில் நனைந்த பாவாடையோடு கிளினிக் போனார். டோக்கன் வாங்கிக் காத்திருந்து, டாக்டரைப் பார்க்கும்போது முக்கால் மணி நேரம் கடந்திருந்தது. ''என்ன ஆசிட்?'' என்று டாக்டர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கேனில் லேபிள் இல்லை. பாட்டிலில் மினரல் வாட்டர் கம்பெனியின் பெயர்தான் இருந்தது.

ஒரே ஆசிட், இரண்டு காயம்

கையில் விழுந்ததுதான் அதிகம். ஆனால் கைக்காயம், தோல் உரிந்து, இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது. இப்போது லேசான நிறமாற்றம் மட்டும் இருக்கிறது. தொடையில் விழுந்தது குறைவு. அது ஆற இரண்டரை மாதங்கள் ஆயின. இன்றும் அந்த இடம் தடித்து, சுருங்கி, குந்தி உட்காரும்போது இழுக்கிறது.

காரணம், நேரம். ஆசிட் தோலில் பட்டதும் அங்குள்ள புரதத்தைச் சிதைக்க ஆரம்பிக்கிறது. முட்டையின் வெள்ளைக் கரு சூட்டில் இறுகுவதைப்போல, தோலும் இறுகிச் செத்துப்போகிறது. நெருப்பு சுட்டால், நெருப்பை விட்டு விலகியதும் சுடுவது நின்றுவிடும். ஆசிட் அப்படியல்ல. அது தோல் மேல் இருக்கும்வரை வேலை செய்துகொண்டே இருக்கும். ஆசிட்டில் நனைந்த துணி, தோலோடு சேர்த்துக் கட்டிய பத்துபோல. அது ஒட்டியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் காயம் ஆழமாகிக்கொண்டே போகும்.

அதனால்தான் தீக்காய சிகிச்சை மருத்துவர்கள் இரண்டு விஷயங்களை ஒரே மூச்சில் சொல்கிறார்கள். ஒன்று, தண்ணீர். இரண்டு, துணியைக் கழற்றுவது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே கழற்ற வேண்டும். முதலாவது அவருக்குப் பாதி கிடைத்தது. இரண்டாவது கிடைக்கவே இல்லை. அதற்கு மருந்தோ கருவியோ தேவைப்பட்டிருக்காது. அந்த ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்த ஒருவரும், மாற்றிக்கொள்ள ஒரு துணியும் இருந்திருந்தால் போதும்.

''சுடுதண்ணி துணியை ஓட்டை போடாதும்மா!''

வீட்டில் அவர் சொன்னது, ''டீ போடுற இடத்துல சுடுதண்ணி கொட்டிருச்சு'' என்றுதான். ஆசிட் என்று தெரிந்தால் கணவர் வேலைக்கே போக வேண்டாம் என்று சொல்லிவிடுவார். பெயின்ட் வேலை மழைக்காலத்தில் இருக்காது. மகளின் டியூஷன் பீஸ் அவர் கூலியில்தான் ஓடுகிறது.

இரண்டு நாள் கழித்து, துவைக்கப் போட்ட துணிகளை எடுத்த மகள், அம்மாவின் காட்டன் பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். புடவை பாலியஸ்டர், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பாவாடை மட்டும், தொட்ட இடத்திலெல்லாம் காகிதம் மாதிரி கிழிந்தது.

''சுடுதண்ணி துணியை ஓட்டை போடாதும்மா. எங்க கெமிஸ்ட்ரி லேப்ல லேப் கோட்டு இப்படித்தான் ஆச்சு. என்ன ஆசிட்மா அது?''

அன்று ராத்திரி அம்மா மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். மகள் திட்டவில்லை. மறுநாள் ஸ்கூலில் இருந்து வந்து, லேபில் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததை அம்மாவுக்குச் சொன்னாள். நீர்க்கச் செய்யும்போது, தண்ணீரில்தான் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். பேட்டரிக் கடைகளில் இருக்கும் சல்ஃப்யூரிக் அமிலத்தில் இது மிகக் கடுமையாக நடக்கும்.

''பதினாறு வயசுப் புள்ளைக்கு இது தெரியுது. பத்து வருஷமா ஆசிட்ட கையில பிடிக்கிற எனக்கு யாரும் சொல்லல'' என்கிறார் அவர்.

கொட்டினால் என்ன செய்ய வேண்டும்?

ஆசிட் பட்ட அடுத்த நொடியிலிருந்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடங்கள் விடாமல் கழுவ வேண்டும். ஒரு பக்கெட், இரண்டு பக்கெட் போதாது. எரிச்சல் குறைந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. கழுவும் தண்ணீர் உடம்பின் மற்ற பாகங்களிலோ, உதவி செய்பவர் மீதோ வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கழுவிக்கொண்டே நனைந்த துணி, செருப்பு, வளையல், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். வளையலுக்கும் மோதிரத்துக்கும் அடியில் ஆசிட் தங்கும். வீங்கிய பிறகு கழற்றவும் முடியாது. சட்டை, டி-ஷர்ட்டைத் தலைவழியாக இழுக்காமல், கத்தரித்து எடுப்பது நல்லது. இல்லையென்றால் முகத்திலும் கண்ணிலும் பட்டுவிடும்.

கண்ணில் பட்டால், இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, 20 நிமிடங்கள் தண்ணீர் விட வேண்டும். பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்தால், மற்ற கண்ணுக்குள் ஆசிட் போகாது. கழுவி முடித்ததும் நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். 'இப்ப பார்வை தெரியுதே' என்று தள்ளிப்போடக் கூடாது.

பேஸ்ட், இங்க், மஞ்சள், தேங்காய் எண்ணெய், இட்லி மாவு எதையும் தடவக் கூடாது. அவை ஆசிட்டைத் தோலோடு சேர்த்து மூடிவைக்கும். டாக்டர் காயத்தின் ஆழத்தைப் பார்ப்பதையும் கெடுக்கும். 'ஆசிட்டுக்கு மாற்று காரம்' என்று சோடா உப்பையோ சுண்ணாம்பையோ போடுவதும் தவறு. இரண்டும் வினைபுரியும்போது சூடு உண்டாகும், சுண்ணாம்பு தன் பங்குக்கு இன்னொரு புண்ணை உண்டாக்கும்.

தவறுதலாகக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. போகும்போது தொண்டையைப் பொசுக்கிய ஆசிட், திரும்பி வரும்போது இன்னொரு முறை பொசுக்கும். வாயைக் கொப்பளிக்க வைத்து, 108-க்கு அழைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் பாட்டிலிலும் கூல் டிரிங்க்ஸ் பாட்டிலிலும் ஆசிட்டை ஊற்றிவைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

மருத்துவமனைக்குப் போகும்போது கேனின் லேபிளை போட்டோ எடுத்துக்கொண்டு போக வேண்டும். எல்லா ஆசிட்டும் ஒன்றல்ல. கண்ணாடிக்குப் பூ வேலை செய்யும் இடங்களிலும், சிலவகைத் துரு நீக்கிகளிலும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். அது பட்டதும் வலிக்காமல், பல மணி நேரம் கழித்துக்கூட வலிக்கலாம். அதற்குள் தோல் வழியாக உள்ளே இறங்கி, ரத்தத்திலுள்ள கால்சியத்தைக் குறைத்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்கான சிகிச்சையில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் முக்கியம். ஆசிட்டின் பெயர் தெரிந்தால்தான் டாக்டர் அதைக் கொடுக்க முடியும்.

''பார்த்து செஞ்சிருக்கலாம்ல?''

அந்த நாளுக்குப் பிறகு அவர் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். சூப்பர்வைசர் கேட்டார். கான்ட்ராக்டர் கேட்டார். ஒரு கட்டத்தில் அவரே தன்னைக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

ஆனால், அந்தப் பாத்ரூமில் கவனமில்லாமல் போனவை எவை என்று வரிசையாகப் பார்த்தால், அவர் பெயர் கடைசியில்தான் வரும். அடர் ஆசிட்டை நீர்க்காமல் கொடுத்தது முதல் தவறு. லேபிள் இல்லாத கேன், இரண்டாவது. அமுக்கினால் மூடி பறக்கிற பாட்டில், மூன்றாவது. கையுறையும் கண்ணாடியும் தராதது, நான்காவது. தண்ணீர் வராத வீட்டில் ஆசிட் வேலையை ஆரம்பித்தது, ஐந்தாவது. இதில் எதையும் முடிவு செய்தவர் அவர் இல்லை.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், இந்த விபத்து அன்றைக்கு ஆரம்பிக்கவே இல்லை. டைல்ஸ் பதித்த நாளில் ஆரம்பித்தது. கிரவுட் பூசியதும், அது இறுகுவதற்கு முன்னால், ஈர ஸ்பாஞ்சால் டைல்ஸின் முகத்தைத் துடைத்துவிட்டால் கறை பிடிக்காது. ஒரு பாத்ரூமுக்குச் சில நிமிட வேலை. அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டிய அவசரத்தில் அதை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சில நிமிடங்களை மிச்சம் பிடித்ததற்கு, சில வாரங்கள் கழித்து வேறு ஒருவர் தோலால் விலை கொடுக்கிறார்.

பாதுகாப்புத் துறையில் இதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில், ஆபத்தான பொருள் தேவைப்படாதபடி வேலையை மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால், குறைந்த ஆபத்துள்ள பொருளுக்கு மாற வேண்டும். சல்ஃபாமிக் அமிலம் கலந்த டைல் கிளீனர்கள் கிடைக்கின்றன, லேசான உப்புக்கறைக்குச் சிட்ரிக் அமிலமே போதும். இவையும் ஆசிட்தான், கையுறையும் கண்ணாடியும் வேண்டும். ஆனால் இவை புகைவதில்லை. அதற்கும் பிறகு, காற்றோட்டம், தண்ணீர் வசதி, பயிற்சி. கையுறையும் கண்ணாடியும் இந்த வரிசையில் கடைசி. நம் ஊரில் பெரும்பாலும் அந்தக் கடைசிப் படியே கிடையாது என்பதுதான் சோகம்.

அந்தக் கடைசிப் படியும் சரியாக இருக்க வேண்டும். மெல்லிய ஆஸ்பத்திரி கையுறை ஆசிட் வேலைக்கு ஆகாது. முழங்கை வரை வரும் தடிமனான நைட்ரைல் அல்லது ரப்பர் கையுறை வேண்டும். பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, பி.வி.சி ஏப்ரன், கம் பூட்ஸ் வேண்டும். பேன்ட்டை பூட்ஸுக்குள் சொருகக் கூடாது, வெளியே விட வேண்டும். சொருகினால் வழியும் ஆசிட் பூட்ஸுக்குள் இறங்கித் தேங்கிவிடும். ரசாயனத் தொழிற்சாலைகளில் பின்பற்றப்படும் அளவுகோல்படி, ஆசிட் கையாளும் இடத்திலிருந்து 10 நொடியில் போய்ச் சேரும் தூரத்தில் அவசரக் குளியல் குழாய் இருக்க வேண்டும். கட்டட வேலையில் அவ்வளவு முடியாவிட்டாலும், ஓடும் தண்ணீரும் ஒரு ஹோஸ் பைப்பும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால்...

காயம் ஆறி வேலைக்குத் திரும்பிய பிறகு, அவர் இன்னொன்றையும் பார்த்தார். ஒரு சைட்டில், பாசி போகவில்லை என்று பிளீச்சிங் பவுடரைத் தூவியிருந்தார்கள். அதன் மேலேயே ஒரு பெண் ஆசிட்டை ஊற்றிவிட்டார். மஞ்சள் பச்சையாக ஒரு புகை. அந்தப் பெண் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்து, மொட்டை மாடிப் படியில் வெகுநேரம் மூச்சுக்குத் தவித்தார்.

அது குளோரின் வாயு. 1915-ல், முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட அதே வாயு. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும், அல்லது ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரும் பிளீச் திரவமும் சேர்ந்தால் இதுதான் உண்டாகும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும். குந்தி உட்கார்ந்து தேய்ப்பவர் மூக்குக்குத்தான் முதலில் போகும். 'ரெண்டையும் போட்டா பளிச்னு ஆகும்' என்று வீட்டில் செய்பவர்களும் இருக்கிறார்கள். கூடவே கூடாது.

கிடைக்க வேண்டியது, கிடைக்காமல் போனது

முதல் நாள் கிளினிக் செலவை கான்ட்ராக்டர் கொடுத்தார். பிறகு 22 நாள்கள் அவர் வேலைக்குப் போகவில்லை. அந்த நாள்களுக்குக் கூலி இல்லை. டிரெஸ்ஸிங் செலவுக்குக் குழுவில் கடன் வாங்கினார். இ.எஸ்.ஐ என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருந்தார், ஆனால் அது 'கம்பெனியில பர்மனென்ட்டா இருக்கிறவங்களுக்கு' என்று நினைத்திருந்தார்.

அது தவறு. பொதுவாக 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ உண்டு. கான்ட்ராக்ட் ஊழியருக்கும் உண்டு. ஊழியரின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவிகிதம், முதலாளியின் பங்கு 3.25 சதவிகிதம். வேலையால் காயம்பட்டு வேலைக்குப் போக முடியாத நாள்களுக்கு, சம்பளத்தில் சுமார் 90 சதவிகிதம் வரை உதவித்தொகை கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் இந்தப் பலன் பொருந்தும். இ.எஸ்.ஐ-க்குள் வராதவர்களுக்கு, பணியிட விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிற விதி.

இதையெல்லாம் கேட்க ஆதாரம் வேண்டும். விபத்து நடந்த அன்றே அதை எழுத்தில் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். டாக்டர் சீட்டில் 'வேலையிடத்தில் ஆசிட் பட்டது' என்று எழுதச் சொல்ல வேண்டும். அவரோ, கிளினிக்கிலும் வேலை போய்விடும் என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. சீட்டில் வெறும் 'புண்' என்றுதான் இருக்கிறது.

ஆசிட் விற்பனைக்கும் கட்டுப்பாடு உண்டு. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஆசிட் வாங்குபவரின் பெயர், முகவரி, காரணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதாமல் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. போட்டோ உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது, மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். பெண்கள் மீதான ஆசிட் வீச்சைத் தடுக்க வந்த உத்தரவு அது. ஆனால், பெயரில்லாத கேன் ஒன்று கைமாறி, இன்னொரு பெண்ணின் மடியில் கொட்டுவதையும் அது தடுத்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு வருபவர்களுக்கு...

புது வீடு கட்டுபவர்கள், டைல்ஸ் வேலை நடக்கும்போதே கிரவுட்டை ஈரத்தோடு துடைக்கச் சொல்லுங்கள். கிளீனிங்குக்கு ஆள் வைத்தால், 'எவ்வளவு ஆகும்' என்பதோடு, 'என்ன ஊற்றப் போகிறீர்கள், கையுறை இருக்கிறதா' என்றும் கேளுங்கள். அவர்கள் வருவதற்கு முன் தண்ணீர் லைனைத் திறந்துவையுங்கள். ஜன்னலைத் திறந்துவையுங்கள். மார்பிள் தரை என்றால் ஆசிட்டே வேண்டாம், அது கல்லையே அரித்துவிடும். சைக்கிளில் வருபவரிடம் வாங்கிய ஆசிட் பாட்டில் பாத்ரூம் மூலையில் இருந்தால், குழந்தைகள் எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். அடுத்த முறை வாங்காமலே இருங்கள்.

முக்கியமாக, வேலைக்கு வந்த பெண் மீது எதுவும் கொட்டிவிட்டால், உங்கள் பாத்ரூமையும் ஒரு மாற்றுத் துணியையும் கொடுங்கள். கதவைச் சாத்திவிட்டு வெளியே ஒருவர் காவலுக்கு நில்லுங்கள். மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது அதுதான்.

தண்ணீர் வந்த பிறகு

இப்போது அவர் வேறு கான்ட்ராக்டரிடம் இருக்கிறார். போன மாதம் ஒரு புது சைட். குழாயைத் திறந்து பார்த்தார். காற்று வந்தது.

''தம்பி, வால்வைத் தொறக்கச் சொல்லுங்க.''

''பிளம்பர் பதினோரு மணிக்குத்தான் வருவான்க்கா. நீங்க ஆரம்பிங்க.''

''அப்ப ஆசிட்டும் பதினோரு மணிக்குத்தான் தொறக்கும் தம்பி.''

சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டே போனார். வேலையை விட்டு நிறுத்திவிடுவாரோ என்று அவருக்கு அடிவயிறு கலங்கியது. இருந்தாலும் எழுந்திருக்கவில்லை. அவர் உட்கார்ந்ததைப் பார்த்து மற்ற மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அதற்குள் ஜன்னல்களைத் துடைத்து முடித்தார்கள். பதினொன்றே காலுக்குக் குழாயில் தண்ணீர் சீறியது. அவர் ஹோஸ் பைப்பை மாட்டி, தண்ணீர் வேகமாக வருகிறதா என்று ஒருமுறை பார்த்தார். பக்கெட்டில் முக்கால்வாசி தண்ணீர் பிடித்து, அதில் ஆசிட்டை மெதுவாக ஊற்றினார். கையில், மகள் வாங்கித் தந்த பச்சை நிற நைட்ரைல் கையுறை.

அன்றுதான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த இளம்பெண் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இன்னொரு ஜோடியை நீட்டிவிட்டு, கதவோரம் மாட்டியிருந்த பையைக் காட்டினார்.

''அந்த நீலப் பை என்னோடது. உன் மேல ஏதாச்சும் கொட்டிச்சுனா வெக்கப்படாத, ஓடாத. எல்லாத்தையும் அவுத்துப் போட்டுட்டு தண்ணியில நில்லு. நான் கதவைச் சாத்திடுறேன். நைட்டி மேலாகவே இருக்கு.''